எண்ணும் இரும்பும்

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம்மவர் பழமொழி. ஏட்டைக் கெடுத்தோர் கதையை வகுப்பறையிலே பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த எனக்கு, எஞ்சினைக் கெடுத்தோர் கதையும் அதுவே என அறிவித்தவர் என் பழைய மாணாக்கர் ஒருவர்.

அவர் இப்பொழுது அமெரிக்காவில் வாழ்கின்றார். பழைய வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுக்கிப் போற்றுவோர் அந்நாட்டில் மிகப் பலர். அவரும் 1951ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட செவர்லே அரைத்தொன் லொறி ஒன்றை வாங்கினார். விற்றவர், தொழிற்சாலையிலே பூட்டிய எஞ்சின் இன்றுவரை மாறவில்லை என்று சொல்லி, அதன் பொருட்டு மேலதிக விலையும் பெற்றுக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய்க் கசடு நீக்கிப் பார்த்தபோது எஞ்சினில் வெட்டியிருந்த எண் ஒன்று; லொறியோடு வந்த பழைய பதிவுப் பத்திரத்தில் இருந்த எண் வேறொன்று. அறிமுகமான மெக்கானிக் ஒருவர், "இருக்கிற எண்ணை அராவிவிட்டுப் பத்திரத்தில் உள்ள எண்ணை வெட்டிவிடலாம். ஒருவருக்குந் தெரியாது, விலையுங் குறையாது" என்றாராம்.

மாணாக்கர் எனக்கு எழுதினார்: "ஐயா, பிரதிகள் தம்முள் மாறுபட்டால் மூலபாடத்தைத் துணிவது எப்படி என்று நீங்கள் படிப்பித்தீர்கள். இரும்பில் எழுதியிருப்பதையும் அப்படித் துணியலாமா? அந்த எண்ணை வெட்டுவது பிழையா?"

இயந்திர நூல் நான் கற்றதன்று. ஆயினும் அவர் அனுப்பிய படங்களையும் விளக்கங்களையும் சில கிழமை வைத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, ஏட்டுச் சுவடியை விட்டு வேறெங்கோ சென்றுவிட்டேன் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

மூலம் என்பது யாது?

முதலிலே சொல்லின் பொருளை வரையறுத்தல் வேண்டும். "மூல எஞ்சின்" என்னுஞ் சொல்லை வண்டி விற்போர் மூன்று பொருளில் வழங்குகின்றனர். தொழிற்சாலையில் அந்த வண்டிக்கே பூட்டப்பட்ட அதே எஞ்சின் என்பது ஒன்று. அதே எஞ்சின் அன்றாயினும், அவ்வாண்டில் அவ்வகை வண்டிக்குப் பூட்டப்பட்ட இனத்தைச் சேர்ந்தது என்பது இரண்டாவது. பழமையான தோற்றமுடையது என்பது மூன்றாவது. ஆசிரியன் தன் கையால் எழுதிய ஏடும், அதனைப் பார்த்து எழுதிய நற்பிரதியும், பிற்காலத்தார் இடைச்செருகல் செய்த பிரதியும் ஒன்றாகா. ஆனால் மூன்றையும் "பழைய ஏடு" என்ற ஒரே பெயராற் சொல்லிவிடலாம். ஏமாற்றம் பெரும்பாலும் அந்தச் சொல்லிலேதான் தொடங்குகின்றது. மாணாக்கரிடம் விற்றவர் மூன்றாவதைக் காட்டி முதலாவதின் விலையைப் பெற்றார்.

எஞ்சின் என்பது பல உறுப்புக்களின் தொகுதி. தலைப்பகுதியையும், காபரேற்றரையும், டிஸ்ட்ரிபியூற்றரையும் கழற்றி வேறு பூட்டலாம். ஆகவே எஞ்சினின் அடையாளம் சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்புக் கட்டையையே பற்றி நிற்பது. மூடியும் நிறமும் உரை போல்வன, கட்டையே மூலம்.

மூன்று குலம், மூன்று வழக்கம்

எல்லாத் தொழிற்சாலையும் ஒரே வகையில் எண் இட்டிருந்தால் ஆராய்ச்சிக்கு இடமே இராது. மூன்று எடுத்துக்காட்டுத் தருகின்றேன்.

1928 முதல் 1931 வரை போர்ட் நிறுவனத்தார் செய்த "ஏஏ" என்னும் லொறிக்கு நான்கு சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு 200 கன அங்குலத்திற்குச் சற்று மேல். கட்டையின் இடப்பக்கத்தில், நீர் புகும் வாயிலுக்கு மேலே உள்ள சமதளத்தில் எண் வெட்டப்பட்டிருக்கும். எஞ்சினை வண்டியிற் பூட்டும்போது அதே எண்ணை அடிச்சட்டத்தின் இடக்கைப் புறத்திலும் வெட்டினர். சட்டத்து எண் மேற்கூட்டின் கீழே மறைந்து கிடப்பது. கூட்டைத் தூக்கிப் பார்ப்பவருக்கு, எஞ்சினும் சட்டமும் ஒரே பெயரைச் சொல்லும். இஃது ஏட்டின் முதலிலும் இறுதியிலும் ஆசிரியன் பெயர் எழுதி வைத்தது போன்றது.

அதே நிறுவனத்தார் 1932இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தனர். அதன் கட்டையிலே தொடரெண் இல்லை. எண்ணைக் கியர்ப்பெட்டியின் கிளச்சுக் கூட்டின்மேலும் அடிச்சட்டத்தின்மேலும் வெட்டினர். ஆகவே 1932க்கும் 1948க்கும் இடைப்பட்ட அவ்வெஞ்சின் ஒன்றைக் காட்டி, "எண் ஒத்திருக்கின்றது" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது கியர்ப்பெட்டியின் எண்ணையே. எஞ்சினுக்கு அதன் உருவமே சாட்சி. 1936 வரை நீர்ப்பம்புகள் சிலிண்டர்த் தலைகளில் இருந்தன. 1937இல் அவை கட்டையின் முன்புறத்திற்கு வந்தன. தலையை இறுக்கும் ஆணிகள் முதலில் பக்கத்திற்கு 21. 1938 அளவில் அவை 24 ஆயின. 1935ஆம் ஆண்டு லொறி ஒன்றில் 24 ஆணி உள்ள எஞ்சின் இருந்தால், வழக்குப் பேச வேண்டியதில்லை. பெயரில்லாப் பாட்டின் காலத்தை அதன் சொல்லும் நடையும் காட்டிக்கொடுப்பது போன்றது இது.

மூன்றாவது, மாணாக்கர் வாங்கிய செவர்லே. இதிலே எஞ்சினுக்கு எண் உண்டு. வண்டிக்கும் எண் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு வரிசை. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல இயலாது. ஆராய்ச்சிக்கு வேலை மிகுந்த இடம் இதுவேயாகும்.

உரை, காட்சி, கருதல்

உண்மையை அறியுங் கருவி காட்சி, கருதல், உரை என மூன்று என்பர் நம் அளவை நூலார். பழைய எஞ்சினைத் துணிவதற்கும் இம்மூன்றுமே போதும்.

உரையாவது நம்பத்தக்கார் சொல். இங்கே அது பத்திரமும் பட்டயமும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1950கள் வரையில் எஞ்சின் எண்ணையே வண்டியின் அடையாளமாகப் பதிவுப் பத்திரத்தில் எழுதினர். ஆகவே பழைய பத்திரம் கிடைத்தால், அக்காலத்தில் வண்டியில் இருந்த எஞ்சினின் எண் கிடைக்கும். அது பத்திரம் எழுதிய நாளில் இருந்த எஞ்சின். தொழிற்சாலையில் இருந்து வந்த எஞ்சினேதான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டும்.

சாரதிப்பக்கக் கதவுத் தூணில் இருக்கும் சிறு பட்டயம் இன்னோர் உரை. மாணாக்கரின் லொறியில் அது "5 ஜே பீ சீ" என்று தொடங்குகின்றது. 5 என்பது கன்சாஸ் நகரத்துத் தொழிற்சாலை. ஜே என்பது 1951. பீ என்பது அரைத்தொன் வகை. சீ என்பது ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தாகலின் மூன்றாம் மாதம், மார்ச். அதன் பின் வருவது அத்தொழிற்சாலையின் வரிசை எண். இத்துணைச் சிறிய தகட்டில் ஊர், ஆண்டு, வகை, மாதம் என நான்கையும் அடக்கிவிட்டனர். எஞ்சினைப் பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை.

அடுத்தது காட்சி. எஞ்சினில் உள்ள எழுத்துக்கள் இருவகை. ஒன்று வார்ப்பெழுத்து, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே புடைத்து எழுவது. மற்றது வெட்டெழுத்து, வார்த்து முடித்தபின் உளியாற் குழித்து இடுவது. வெட்டெழுத்தை எவரும் அழிக்கலாம், எவரும் இடலாம். வார்ப்பெழுத்து இரும்பின் உடம்போடு பிறந்தது; அதைப் புதிதாகப் படைப்பது எளிதன்று. ஆகவே இரண்டும் மாறுபட்டால் வார்ப்பெழுத்தையே முதற்சாட்சியாகக் கொள்ளல் வேண்டும்.

வார்ப்பெழுத்திலும் இரு பகுதி உண்டு. வார்ப்பெண் என்பது அச்சின் எண். அதே எண் பல்லாயிரம் கட்டைகளில் இருக்கும். அஃது இனத்தைச் சொல்லுமேயன்றித் தனி ஒன்றைச் சொல்லாது. வார்த்த நாள் என்பது மற்றொன்று. செவர்லே கட்டையில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பின்பு தேதி, பின்பு ஆண்டின் இறுதி இலக்கம். ஏ என்றால் ஜனவரி; பன்னிரண்டாம் எழுத்தாகிய எல் என்றால் டிசம்பர்.

இவற்றைப் படிப்பதற்கு அங்கே கையாளும் முறை எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது. கம்பித் தூரிகையால் அழுக்கை நீக்கி, புடைத்த எழுத்தின்மேல் வெண்கட்டியைத் தேய்க்கின்றனர்; எழுத்து வெளுத்துத் தோன்றுகின்றது. நம் முன்னோர் ஏட்டிலே எழுத்தாணி கீறிய தடத்திற் கரிமை பூசித் துடைத்துப் படித்தனர். அங்கே வெள்ளை, இங்கே கருமை, கைத்தொழில் ஒன்றே.

காட்சியில் உருவமும் அடங்கும். 1951இல் அரைத்தொன் லொறிக்குப் பூட்டியது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன் பக்க மூடி உயர்ந்து, பிளக்குகள் இருக்கும் இடத்தையும் அணைத்து நிற்கும். மேல்மூடியை நடு வரிசையில் இரண்டு நட்டுக்கள் பிடித்திருக்கும். பிற்காலத்து 235 கன அங்குல எஞ்சினிலே பக்க மூடி குட்டை; மேல்மூடியை ஓரங்களில் நான்கு திருகாணிகள் பிடிக்கும். ஆனால் 235 என்றவுடன் மாற்று எஞ்சின் என்று துணிந்துவிடலாகாது. பாரமான லொறிகளுக்கு 1941 முதலே ஒரு 235 வந்தது. வண்டியின் வகையையும் பார்த்தே சொல்லல் வேண்டும்.

ஏன் மாற்றினார்கள்?

216இன் இடத்தில் 235 புகுந்த லொறிகள் மிகப் பல. அதற்குக் காரணம் அலட்சியமன்று. 216 எஞ்சினில் பிஸ்டன் தண்டின் பெயாரிங், வெள்ளுலோகக் கலவையை உருக்கி வார்த்துச் செய்யப்பட்டது. தண்டின் அடியில் உள்ள சிறு கரண்டி, எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்து தோய்ந்து தனக்கு வேண்டிய எண்ணெயை அள்ளிக்கொள்ளும். தோட்டத்து வேலைக்கும் சந்தைப் பயணத்துக்கும் அது போதும். நெடுஞ்சாலைகள் பெருகி, நீண்ட நேரம் விரைந்து ஓடும் நிலை வந்தபோது அந்த முறை தாங்கவில்லை. பெயாரிங் தேய்ந்தால் மீண்டும் உருக்கி வார்க்க வேண்டும். அக்கைத்தொழில் அறிந்தாருங் குறைந்தனர்.

1954 முதல் லொறிகளுக்கு வந்த 235 எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தோடு பெயாரிங்குகளுக்குச் சென்றது. பெயாரிங்கும் கழற்றி மாற்றத்தக்க தகடாயிற்று. சிறு மாற்றங்களோடு பழைய 216 இருந்த இடத்திலே அதனைப் பூட்டலாம். ஆகவே உழவரும் வணிகரும் பூட்டிக்கொண்டனர். அவர்களுக்கு லொறி அருங்காட்சிப் பொருளன்று. நாளைக்கு மூட்டை ஏற்ற வேண்டிய வண்டி. அவர்களைக் குறை சொல்வது, இற்றுப்போன ஏட்டைப் புதிய ஓலையில் எழுதி வைத்தவனைக் குறை சொல்வது போலாகும். அவன் எழுதியிராவிட்டால் நமக்கு ஒன்றுமே எஞ்சியிராது.

துணிபு

இனிக் கருதல். கட்டை வார்த்த நாள், வண்டி பூட்டிய நாளுக்கு முந்தியதாக இருத்தல் வேண்டும். மிக முந்தியதாகவும் இருத்தல் கூடாது. சில நாள் முதற் சில மாதம்வரை இடைவெளி இருப்பின் பொருந்தும். பிந்தியதாயின் ஒரு வாதமும் வேண்டா. பிறவாத எஞ்சினை எவரும் பூட்ட முடியாது.

மாணாக்கர் வெண்கட்டி தேய்த்து அனுப்பிய படத்தில் "ஈ 11 4" என்று இருந்தது. ஈ ஐந்தாம் எழுத்து; எனவே மே மாதம் 11ஆம் தேதி. ஆண்டின் இறுதி இலக்கம் 4. இங்கேதான் ஓர் ஐயம் எழுந்தது. அது 1944 ஆகலாம், 1954 ஆகலாம், 1964உம் ஆகலாம். இலக்கம் மட்டும் விடை சொல்லாது. உருவத்தை வினவினோம்: பக்க மூடி குட்டை, மேல்மூடியில் நான்கு திருகாணி. 1944இல் இவ்வுருவம் இல்லை; 1964க்குள் அந்நிறுவனத்தின் வேறொரு புதிய ஆறு சிலிண்டர் எஞ்சின் இதன் இடத்தைப் பிடித்துவிட்டது. எஞ்சி நிற்பது 1954. லொறி 1951 மார்ச்; கட்டை 1954 மே. மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் பிந்தியது. இது மூல எஞ்சின் அன்று. பத்திரத்தில் இருந்த எண்ணே பழைய 216இன் எண்ணாதல் கூடும்; அந்த இரும்போ எங்கோ உருக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவையும் துணிவதற்கு எஞ்சினைக் கழற்றவுமில்லை. ஒரு திருகாணியைத் தளர்த்தவுமில்லை.

பொய்யெண்

ஆயின், பத்திரத்து எண்ணை வெட்டினால் என்ன? என் மாணாக்கரின் இரண்டாம் வினா இது. முதலாவதிலும் இதுவே கடினம்.

முன்பு போர்ட் நிறுவனத்தார் பழுதான எஞ்சினுக்குப் பதிலாக எண் வெட்டாத கட்டைகளை அனுப்பினர். வியாபார நிலையத்தார் பழைய எஞ்சினின் எண்ணை அதில் வெட்டிக் கொடுத்தனர். வண்டியும் பத்திரமும் ஒத்திருத்தற்பொருட்டு வெளிப்படையாகச் செய்த செயல் அது. பிரதி செய்பவன், மூல ஏட்டின் இறுதியில் இருந்த ஆசிரியன் பெயரையும் சேர்த்தெழுதுவதை ஒக்கும். யாரையும் ஏமாற்ற அவன் எழுதவில்லை.

இன்று ஓர் எண்ணை அராவி மற்றோர் எண்ணை வெட்டுவது வேறு. அஃது இல்லாத எஞ்சினை இருப்பதாகச் சொல்லி விலை பெறுதற்கே. வண்டியின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் பல நாடுகளிற் சட்டப்படி குற்றம். பிடிபடாது என்பதும் மெய்யன்று. எண் வெட்டும் தளத்தைத் தொழிற்சாலையிற் சீவியபோது உண்டான நுண்ணிய இணைகோடுகள், அரம் பட்டால் மறைந்துவிடும்; மறைவே சாட்சியாகும். உளி அடித்த இடத்தின் கீழே உலோகம் நெருங்கி இறுகி நிற்பதால், மேலே அராவியபின்னும் அமிலம் இட்டு மறைந்த எண்ணைச் சில வேளைகளில் எழுப்புகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்த்த நாள் புடைத்து நிற்கின்றது. "1951" என்று வெட்டெழுத்து எத்துணை உரத்துச் சொன்னாலும், பக்கத்தில் நின்று "1954" என்று அது சொல்லிக்கொண்டேயிருக்கும்.

ஆயினும் பிடிபடும் என்பதற்காகச் செய்யாதே என்று சொல்வது ஆசிரியன் சொல்லும் விடையாகாது. அடுத்து வாங்குபவன் ஒருவன் இருக்கின்றான். அவனுக்கு அடுத்து ஆராய்பவன் ஒருவன் வருவான். அவன் கையிலே நாம் ஒரு சாட்சியைக் கொடுக்கின்றோம். இன்று ஓர் எஞ்சினிற் செய்யும் பொய், நாளைக்கு நூறு மெய்யெண்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். ஓர் ஏட்டில் இடைச்செருகல் கண்டவன், அடுத்த ஏட்டை நம்பிக்கையோடு திறக்க மாட்டான்.

பாட்டில்லாத எண்கள்

மாணாக்கர் புறநானூற்றை நினைவூட்டியிருந்தார். அதைக் கொண்டே விடை எழுதினேன்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் அச்சேற்றியபோது, ஏடுகள் தொடுமுன் ஒடிந்து உதிரும் நிலையை நொந்து எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாட்டு என்பது நூலின் பெயரிலேயே இருக்கின்றது. ஆனால் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன.

ஐயருக்கு இரண்டு பாட்டு இயற்றத் தெரியாதா? சங்கச் செய்யுளின் சொல்லும் நடையும் அவர் அளவுக்கு அறிந்தார் அக்காலத்தில் யார்? அவர் எழுதிச் செருகியிருந்தால் நூறாண்டுக்கு ஒருவருங் கண்டுபிடித்திருக்க மாட்டார். நூலும் நானூறாக நிறைந்திருக்கும். அவர் அது செய்யவில்லை. எண்ணை நிறுத்தினார், பாட்டின் இடத்தை வெறுமையாக விட்டார். சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டார். அந்த வெறுமையினாலேதான் ஏனைய பாட்டுக்களை நாம் ஐயமின்றிப் படிக்கின்றோம்.

"உங்கள் பத்திரத்தில் இருப்பதும் பாட்டில்லாத எண்" என்று மாணாக்கருக்கு எழுதினேன். "அதைப் பத்திரத்திலேயே இருக்க விடுங்கள். இப்பொழுது பூட்டியிருக்கும் எஞ்சினும் இழிவானதன்று. 216 தளர்ந்தபின் லொறியை ஓட்டியது அதுவே. அது தன் பெயராலேயே இருக்கட்டும்."

விலை குறையும் என்பதை நான் மறைக்கவில்லை. விற்றவரிடம் ஒரு பகுதிப் பணத்தையாவது திருப்பிக் கேட்கும்படி சொன்னேன். அவர் கேட்டார், கிடைக்கவில்லை.

சென்ற மாதம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. லொறி பச்சை வண்ணம் பூசி நிற்கின்றது. கதவின் உட்புறத்தில் சிறிய அட்டை ஒன்று தொங்குகின்றது. அதிலே அவர் ஆங்கிலத்திலும், கீழே தமிழிலும் எழுதியிருக்கின்றார்: "வண்டி, 1951 மார்ச். மூல எஞ்சின், 216, இல்லை. இப்பொழுது உள்ளது, 235; வார்த்த நாள் 1954 மே 11."